காதேஷுக்குப் போகும் காலப்பயணி: முதல் நாவல் எழுதுபவருக்கு ஒரு வழிகாட்டி

காலப்பயண நாவல் எழுத உட்காருகிறவர்கள் பெரும்பாலும் இயந்திரத்தில்தான் ஆரம்பிக்கிறார்கள். பளபளக்கும் ஓர் அறை, நீல வெளிச்சம், கை நடுங்கும் விஞ்ஞானி. நாற்பது பக்கம் ஓடியிருக்கும், இன்னும் யாரும் எங்கேயும் போய்ச் சேர்ந்திருக்க மாட்டார்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். அந்த நாற்பது பக்கமும் இன்று ஒரு பழைய கோப்பில் தூங்குகிறது. இயந்திரத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் போரைப் பிடியுங்கள்.

பொதுவாகச் சொல்லிக்கொண்டு போனால் ஒன்றும் மனதில் நிற்காது என்பதால், ஒரே ஒரு போரை எடுத்துக்கொண்டு அதன்மேல் நாவலைக் கட்டிப் பார்ப்போம். நான் எடுத்துக்கொள்வது காதேஷ் போர். உங்கள் மனதில் வேறு போர் இருந்தால் பெயர்களை மாற்றிக்கொள்ளுங்கள், வேலை இதேதான்.

முதல் படி: பாதி தெரிந்த போர் ஒன்று

எல்லாமே பதிவாகியிருக்கும் போரில் உங்கள் ஆட்கள் கால் வைக்க இடமிருக்காது. எதுவுமே பதிவாகாத போருக்குக் காலப்பயணி தேவையில்லை, நீங்களே ஒரு போரைக் கற்பித்துக்கொள்ளலாம். பாதி வெளிச்சத்திலும் பாதி இருட்டிலும் கிடக்கும் போர்தான் நமக்கு வேண்டும்.

காதேஷ் அப்படிப்பட்டது. கி.மு. 1274 வாக்கில், இன்றைய சிரியாவில் ஹோம்ஸ் நகருக்குத் தென்மேற்கே, ஒரோண்டஸ் ஆற்றங்கரையில் நடந்தது. ஒரு பக்கம் எகிப்தின் இரண்டாம் ராம்சேஸ். இன்னொரு பக்கம் இன்றைய துருக்கியிலிருந்து ஆண்ட ஹிட்டைட் மன்னர் இரண்டாம் முவாத்தல்லி. ராம்சேஸ் பட்டத்துக்கு வந்து ஐந்தாவது ஆண்டு. அவருடைய படை நான்கு பிரிவுகள்: அமுன், ரே, ப்தா, சேத். நான்குமே தெய்வங்களின் பெயர்கள்.

வழியில் இரண்டு நாடோடிகள் வந்து சேர்கிறார்கள். ஹிட்டைட் மன்னர் பயந்துபோய் வடக்கே அலெப்போ பக்கம் ஒதுங்கியிருக்கிறார் என்கிறார்கள். ராம்சேஸ் நம்பிவிடுகிறார். அமுன் பிரிவை மட்டும் கூட்டிக்கொண்டு வேகமாக முன்னே போய், காதேஷுக்கு வடமேற்கில் பாளையம் இறங்குகிறார். அதன் பிறகு பிடிபட்ட இரண்டு ஹிட்டைட் ஒற்றர்கள் அடி தாங்காமல் உண்மையைக் கக்குகிறார்கள்: முவாத்தல்லி எங்கேயும் போகவில்லை, முழுப் படையோடு காதேஷுக்குப் பின்னால் மறைந்து நிற்கிறார். அந்த இரண்டு நாடோடிகளும் அவர் அனுப்பிய ஆட்கள்.

இது தெரியவந்த நேரத்தில் ஹிட்டைட் தேர்கள் ஆற்றைக் கடந்து, பின்னால் வரிசையாக வந்துகொண்டிருந்த ரே பிரிவின் விலாவில் பாய்ந்தாயிற்று. எகிப்தியப் பதிவு 2,500 தேர்கள் என்கிறது. ரே பிரிவு சிதறி பாளையத்துக்குள் ஓடிவர, துரத்தி வந்த தேர்களும் உள்ளே நுழைந்தன. ராம்சேஸ் தேரேறிப் போரிட்டார். பிறகு எப்படியோ எகிப்தியர் பிழைத்துக்கொண்டார்கள். அந்த ‘எப்படியோ’வில்தான் நமக்கு வேலை.

இரண்டாம் படி: ஓட்டைகளைப் பட்டியல் போடுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள். போரைப் பற்றிக் கிடைப்பதையெல்லாம் படித்துவிட்டு, பதிவுகள் எங்கெங்கே ஒன்றோடொன்று ஒட்டாமல் நிற்கின்றன என்று எழுதி வையுங்கள். உங்கள் காலப்பயணிகள் அந்த இடங்களில்தான் நுழையப்போகிறார்கள்.

காதேஷில் எனக்குக் கிடைத்தவற்றைச் சொல்கிறேன்.

போரைப் பற்றி ராம்சேஸ் அபு சிம்பெல், லக்சர், கர்னாக், அபிதோஸ், ராமேசியம் என்று பல கோயில்களில் எழுதியும் செதுக்கியும் வைத்தார். எழுத்தில் நீளமான ஒரு ‘கவிதை’ இருக்கிறது, சுருக்கமான ஓர் ‘அறிக்கை’யும் இருக்கிறது. கூடவே புடைப்புச் சிற்பங்களும் அவற்றுக்கான குறிப்புகளும். கவிதையில் மன்னர் தன்னந்தனியாக நிற்கிறார், படை கைவிட்டுவிட்டது, தெய்வத்தைக் கூப்பிடுகிறார், தனி ஆளாக எதிரியை வீழ்த்துகிறார். ஆனால் சிற்பத்தின் பக்கத்தில் ஒரு குறிப்பு: மேற்கே கடலோரத்தில் இருந்த அமுர்ரு நாட்டிலிருந்து ‘நெயரின்’ வந்து சேர்ந்தார்கள், பாளையத்தைச் சூழ்ந்திருந்த எதிரியைத் தாக்கினார்கள். சரியான நேரத்தில், சரியான திசையிலிருந்து. நெயரின் என்பது செமித்திய மொழிச் சொல், ‘இளைஞர்கள்’ என்று பொருள். அவர்கள் யார், எந்தப் படை என்பதில் அறிஞர்களுக்குள் இன்னும் ஒத்த கருத்து இல்லை.

யோசித்துப் பாருங்கள். கோயில் சுவர் கொள்ளும் அளவுக்குத் தன் வீரத்தைப் பாடிய மன்னர், தன் உயிரைக் காப்பாற்றியவர்களைச் சில வரிகளில் முடித்துவிட்டார். ஒரு நாவலாசிரியருக்கு இதைவிட என்ன வேண்டும்?

அடுத்தது, ஜெயித்தது யார்? எகிப்தியச் சுவர்கள் ராம்சேஸ் என்கின்றன. ஹிட்டைட் தலைநகர் ஹத்துசாவில் கிடைத்த களிமண் பலகைகளில் கதை நேர்மாறு: எகிப்திய மன்னர் தோற்றார், முவாத்தல்லி தெற்கே டமாஸ்கஸ் வட்டாரம் வரை போனார், அமுர்ரு மறுபடி ஹிட்டைட் பிடிக்குள் வந்தது. காதேஷ் கோட்டை எகிப்தின் கைக்கு வரவில்லை என்பது மட்டும் இரண்டையும் வைத்துப் பார்த்தாலே தெரிகிறது.

இன்னொன்று, முவாத்தல்லி காலாட்படையை ஏன் இறக்கவில்லை? எகிப்தியக் கணக்குப்படியே அவரிடம் 18,000, 19,000 என்று இரண்டு பெரும் காலாட்படைக் கூட்டங்கள் இருந்தன. இரண்டாவது அலையாகவும் 1,000 தேர்களைத்தான் அனுப்பினார். காலாட்கள் ஆற்றுக்கு அந்தப் பக்கம் நின்றபடியே நின்றார்கள். அவரை அன்று தடுத்தது எது? அல்லது யார்?

கடைசியாக ஒன்று, சின்னதுதான், ஆனால் எனக்கு மிகவும் பிடித்தது. கவிதையின் பாப்பிரஸ் பிரதி ஒன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் முடிவில் பென்டவேர் என்ற எழுத்தரின் பெயர் இருக்கிறது. ஒரு காலத்தில் அவரையே கவிஞர் என்று நினைத்தார்கள். பிறகுதான் அவர் வெறுமனே படியெடுத்தவர் என்று தெரிந்தது. அசல் கவிஞர் யார் என்று தெரியாது. அந்த நாற்காலி இன்னமும் காலி.

இப்படி நான்கைந்து கிடைத்தால் போதும். எல்லாவற்றையும் நாவலில் அடைக்க வேண்டாம். ஒன்றைக் கதையின் மையமாக்குங்கள், இன்னொன்றை ஓரமாக வையுங்கள், மற்றதை விட்டுவிடுங்கள். நான் நெயரினை மையத்தில் வைக்கிறேன்.

மூன்றாம் படி: காலத்துக்கு ஒரு சட்டம்

கடந்த காலத்துக்குப் போனவர் அங்கே எதையாவது மாற்ற முடியுமா? இதற்கு முதல் வரி எழுதுவதற்கு முன்பே பதில் வேண்டும். மூன்று பதில்கள் உண்டு.

மாற்றவே முடியாது, நீங்கள் செய்வதும் ஏற்கெனவே நடந்ததில் அடக்கம் என்பது ஒன்று. ரஷ்ய இயற்பியலாளர் நோவிகோவ் பெயரால் அறியப்படும் சுய ஒத்திசைவு விதி இதைத்தான் சொல்கிறது. மாற்றினால் உலகம் கிளை பிரியும் என்பது இரண்டாவது. 1957இல் ஹியூ எவரெட் முன்வைத்த குவாண்டம் விளக்கத்திலிருந்து கதாசிரியர்கள் இதை எடுத்துக்கொண்டார்கள். மூன்றாவது, ஒரே வரலாறுதான், அதையே மாற்றலாம் என்பது. இதில் தாத்தா முரண் வந்து நிற்கும்: தாத்தாவைச் சின்ன வயதிலேயே கொன்றுவிட்டால் கொன்றவர் எப்படிப் பிறந்தார்?

பழங்காலப் போர் நாவலுக்கு நான் முதலாவதைத்தான் சிபாரிசு செய்வேன். கிளை பிரியும் உலகத்தில் காதேஷில் யார் செத்தாலும் பிழைத்தாலும் இன்னொரு கிளையில் எல்லாம் சரியாகவே இருக்கும். வாசகருக்குப் பதற்றம் போய்விடும். மாறக்கூடிய ஒரே வரலாறு என்றாலோ, பாதி நாவல் விதியை விளக்குவதிலேயே போகும்.

மாறாத வரலாற்றில் சுவாரஸ்யம் எங்கே என்று கேட்கலாம். நம் கதையையே எடுத்துக்கொள்வோம். மொழி ஆய்வாளர் ஒருத்தி ராம்சேஸ் அன்றே ஒழிய வேண்டும் என்று நினைத்துப் போகிறாள். நெயரின் படை எங்கேயோ வழியில் வருகிறது என்பது அவளுக்குத் தெரியும். அவர்களைத் தாமதப்படுத்த ஒரு பொய்ச் செய்தி அனுப்புகிறாள். அந்தச் செய்தியில் இருந்த ஒரு பிழையால்தான் அவர்கள் வழக்கமான பாதையை விட்டுக் குறுக்கு வழியில் விரைந்து, சரியான நேரத்தில் போய்ச் சேருகிறார்கள். சுவரில் செதுக்கியிருப்பது மாறவே இல்லை. அது ஏன் நடந்தது என்பது மட்டும் வாசகருக்கு இப்போது தெரியும். முடிவு முதலிலேயே தெரிந்திருந்தும் கடைசிப் பக்கம் வரை இழுத்துப் பிடிக்க இந்த ஏற்பாடு போதும்.

எந்தச் சட்டமானாலும் ஒரு தாளில் மூன்று வாக்கியத்தில் எழுதி மேஜைக்கு எதிரே ஒட்டுங்கள். நடுவில் கதை சிக்கும்போது சட்டத்தை வளைக்கக் கை அரிக்கும். வளைத்தால் வாசகர் கண்டுபிடித்துவிடுவார், அதில் சந்தேகமே வேண்டாம்.

நான்காம் படி: இயந்திரத்துக்கு அரைப் பக்கம்

இப்போது இயந்திரம். அறிவியல் எவ்வளவு சொல்கிறது என்று ஒரு பார்வை பார்த்துக்கொண்டால் போதும். எதிர்காலத்தை நோக்கிப் போவது இயற்பியலில் சாதாரண விஷயம். 1971இல் அணுக் கடிகாரங்களை விமானத்தில் ஏற்றி உலகைச் சுற்ற வைத்தபோது தரையில் இருந்தவற்றோடு நானோ விநாடிக் கணக்கில் வித்தியாசம் வந்தது. பின்னோக்கிப் போவதுதான் சிக்கல். ஐன்ஸ்டீனின் சமன்பாடுகளில் அதற்கு வழி இருப்பதை 1949இலேயே கர்ட் கோடல் காட்டினார். ஆனால் அவர் வைத்தது முழுதாகச் சுழலும் ஒரு பிரபஞ்சம். நம்முடையது அப்படிச் சுழல்வதாகத் தெரியவில்லை. 1988இல் இயற்பியலாளர் கிப் தோர்னும் வேறு இருவரும் புழுத்துளையை, அதாவது வெளியின் இரண்டு இடங்களை இணைக்கும் குறுக்குவழியை, கால இயந்திரமாக்குவது பற்றி எழுதினார்கள். இயற்கை இதையெல்லாம் அனுமதிக்காது என்று 1992இல் ஸ்டீபன் ஹாக்கிங் ஒரு கருத்தை வைத்தார். போதாததற்கு 2009இல் காலப்பயணிகளுக்கு ஒரு விருந்தும் வைத்து, விருந்து முடிந்த பிறகு அழைப்பிதழை வெளியிட்டார். யாரும் வரவில்லை.

இதில் நாவலுக்குப் பயன்படும் செய்தி ஒன்று இருக்கிறது. புழுத்துளை இயந்திரத்தில், அது உருவான நாளுக்கு முந்தைய காலத்துக்குப் போக முடியாது. அடுத்த ஆண்டு செய்து முடித்தால் அதற்கு முன்னால் உள்ள எந்த நாளும் எட்டாது. அப்படியானால் கி.மு. 1274க்குப் போக வேண்டும் என்றால், துளையின் மறுவாய் அன்றைக்கே அங்கே இருந்தாக வேண்டும். சுமார் 3,300 ஆண்டுகளுக்கு முன்னால் அதை வைத்தது யார்? சிக்கலை மறைக்கப் பார்க்காமல் இப்படிக் கேள்வியாக்கிவிட்டால் நாவலின் அடிநாதம் கிடைத்துவிடுகிறது.

பூமி நகர்கிறதே, அதே இடத்தில் எப்படி இறங்குவது என்று கட்டாயம் ஒருவர் கேட்பார். பூமி சூரியனைச் சுற்றி விநாடிக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டர் ஓடுகிறது. ஒரு மணி நேரம் பிசகினால் லட்சம் கிலோமீட்டர் தள்ளி விண்வெளியில் இறங்குவீர்கள். இயந்திரம் பூமியின் ஈர்ப்போடு பிணைந்திருக்கிறது என்று ஒரு பாத்திரம் ஒரு வரி சொல்லட்டும். அடுத்த வரியில் கதை நகர்ந்துவிட வேண்டும்.

எந்த ஆண்டுக்கு முள்ளைத் திருப்புவது என்பதில் மட்டும் கொஞ்சம் நில்லுங்கள், ருசியான இடம் இது. எகிப்தியர் தொடர்ச்சியான ஆண்டு எண் போடவில்லை. ‘இன்ன மன்னரின் 5ஆம் ஆண்டு’ என்றுதான் எழுதினார்கள். ராம்சேஸின் 52ஆம் ஆண்டில் பதிவான ஓர் அமாவாசைக் கணக்கை வைத்து அவர் பட்டமேறிய ஆண்டு 1304, 1290, 1279 என்ற மூன்றில் ஒன்றாக இருக்கலாம் என்று வாதம் நடந்தது. இன்று பெரும்பாலோர் ஏற்பது 1279. பெரும்பாலோர்! உங்கள் பயணிகள் தப்பான ஆண்டில் இறங்கி, யாருமே இல்லாத ஆற்றங்கரையில் ஆடு மேய்க்கும் ஒரு சிறுவனைப் பார்த்து விழிக்கும் அத்தியாயத்தை என்னால் எழுதாமல் இருக்க முடியாது.

ஐந்தாம் படி: யார் போகிறார்கள்?

மூன்று பேர் போதும். ஆளாளுக்கு வேறு நோக்கம் இருக்க வேண்டும், ஒருவர் நோக்கம் இன்னொருவருக்குத் தெரியாமல் இருந்தால் இன்னும் நல்லது. படைவீரர் ஒருவரை எப்படியும் சேர்த்துவிடுகிறார்கள். துப்பாக்கியோடு போகிறவர் கதையை அரை நாளில் முடித்துவிடுவார், அவரை விட்டுவிடலாம். நான் சேர்ப்பது மொழி ஆய்வாளர், மருத்துவர், தேர்ச் சக்கரம் செய்யத் தெரிந்த ஒரு தச்சர்.

மருத்துவர் ஏன் என்றால், நோய். முவாத்தல்லியின் தந்தை இரண்டாம் முர்சிலி காலத்தில் ஹிட்டைட் நாட்டைக் கொள்ளைநோய் வருடக்கணக்காக வாட்டியது. நோயை நிறுத்தச் சொல்லித் தெய்வங்களிடம் அவர் மன்றாடிய வேண்டுதல்கள் களிமண் பலகைகளில் இன்றும் இருக்கின்றன. எகிப்தியப் போர்க் கைதிகள் வழியே நோய் வந்தது என்று அவரே அதில் சொல்கிறார். முன்பின் பழகாத இரண்டு கூட்டம் சந்தித்தால் என்ன ஆகும் என்பது அந்த ஊர்க்காரர்களுக்குத் தெரிந்திருந்தது. உங்கள் பயணிகள் தும்முவதற்கு முன் யோசிக்க வேண்டும்.

மொழி ஆய்வாளருக்கும் சுகமான வேலை இல்லை. எகிப்திய எழுத்தை ஷாம்போலியன் 1822இல் படித்துக்காட்டினார். ஹிட்டைட் மொழியின் பூட்டை 1915இல் ஹ்ரோஸ்னி திறந்தார். ஆனால் எகிப்திய எழுத்தில் உயிரொலிகள் எழுதப்படுவதில்லை. மெய்யெழுத்துகளை மட்டும் வைத்துத் தமிழ் பேசிப் பாருங்கள், அவள் நிலைமை புரியும். பழைய உச்சரிப்புக்குத் துப்பு அக்கம்பக்கத்து மொழிகளில்தான் கிடைக்கிறது. நாம் ‘உசர்மாத்ரே’ என்று படிக்கும் ராம்சேஸின் அரியணைப் பெயரை ஹிட்டைட் எழுத்தர்கள் ஆப்பெழுத்தில் ‘வஷ்முவாரியா’ என்று எழுதியிருக்கிறார்கள். காதில் விழுந்ததை எழுதியவர்கள் அவர்கள். இருபது ஆண்டு படித்துவிட்டுப் போன நம் ஆய்வாளர் பாளையத்தின் வாசலில் மன்னர் பெயரைச் சொல்கிறாள், காவலனுக்கு யாரைச் சொல்கிறாள் என்றே புரியவில்லை. பயணி எல்லாம் தெரிந்தவர் என்ற மிதப்பு முதல் நாளே உடைந்துவிட வேண்டும்.

ஆறாம் படி: அன்றைய நாளைப் பழகுங்கள்

இதற்கு நேரம் பிடிக்கும். அவசரப்பட வேண்டாம்.

வானத்திலிருந்து ஆரம்பிக்கலாம். என் வரைவில் ஒரு பாத்திரம் துருவ நட்சத்திரத்தைப் பார்த்து வடக்கைக் கண்டுபிடித்தது. படித்துப் பார்த்த நண்பர் ஒருவர் ஓரத்தில் பெரிதாக ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார். பூமியின் அச்சு சுமார் 26,000 ஆண்டுக்கு ஒருமுறை மெதுவாகச் சுற்றி வருவதால் வானத்தின் துருவமும் இடம் மாறுகிறது. கி.மு. 1274இல் இன்றைய துருவ நட்சத்திரம் துருவத்தைவிட்டு வெகுதூரம் தள்ளி, மற்ற நட்சத்திரங்களோடு தானும் சுற்றிக்கொண்டிருந்தது. அந்த இடத்தில் அப்போது பளிச்சென்று எதுவும் இல்லை. அந்தப் பிழையைத் திருத்தப் போய் எனக்கு நல்ல காட்சி ஒன்று கிடைத்தது: இரவில் தச்சர் வடக்கைத் தேடுகிறார், பழகிய வானம் அவருக்குத் துணை நிற்கவில்லை.

தேர் அடுத்து. எகிப்தியத் தேர் மிக இலேசானது, இரண்டு பேர் சேர்ந்தால் தூக்கிவிடலாம். தரைப்பகுதி பலகை கிடையாது, பின்னிய தோல்வார். அதில் நிற்பவர் கட்டிலின் வார்ப்பின்னல்மேல் நிற்பதுபோல் முழங்காலை வளைத்துக் கொடுத்தே நிற்க வேண்டும். ஏறுவது இரண்டு பேர்: ஒருவர் ஓட்டுவார், ஒருவர் வில் எய்வார். எகிப்தியச் சிற்பங்களில் ஹிட்டைட் தேரில் மூன்று பேர் நிற்கிறார்கள். ஆள் கூடினால் எடை கூடும், திருப்பம் தாமதமாகும். போரை விளக்க இந்த ஒரு வித்தியாசம் பத்து வரைபடத்துக்குச் சமம்.

குதிரைமேல் பாயும் வீரர்களை எழுதிவிடாதீர்கள். அங்கவடி, அதாவது சேணத்தில் கால் வைக்கும் வளையம், கிடையாது. அன்று குதிரை பெரும்பாலும் தேர் இழுக்கத்தான். ஆயுதங்கள் வெண்கலம். நாணயம் என்ற ஒன்று இன்னும் உலகத்தில் இல்லை. கூலி தானியமாக அளக்கப்பட்டது, விலை செம்பு, வெள்ளி எடையில் சொல்லப்பட்டது. உங்கள் பயணி பொற்காசுப் பையை எடுத்து நீட்டினால் அதிலிருக்கும் முகத்தைப் பார்த்துச் சந்தேகப்படுவார்கள். போர் முடிந்ததும் இறந்தவர்களின் கைகளை வெட்டிக் குவித்து எண்ணுவது எகிப்தியர் வழக்கம். எண்ணிக்கை எழுதும் எழுத்தர் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். இதை எழுதும்போது குரலை உயர்த்தாதீர்கள். அந்த எழுத்தருக்கு அது அன்றாட வேலை.

மாதப் பெயரிலும் ஒரு பொறி இருக்கிறது. ராம்சேஸ் காதேஷுக்குத் தெற்கே இருந்தது அறுவடைப் பருவம், மூன்றாம் மாதம், 9ஆம் நாள் என்று பதிவு சொல்கிறது. எகிப்திய ஆண்டு சரியாக 365 நாள், கால் நாளைச் சேர்க்கும் வழக்கம் கிடையாது. அதனால் பருவப் பெயர்கள் நூற்றாண்டுகளில் நிஜமான பருவத்தைவிட்டு நழுவிக்கொண்டே போயின. இந்த 9ஆம் நாள் நம் கணக்கில் மே மாதத்தை ஒட்டி விழுகிறது. பெயரை நம்பி வெயிலையோ மழையையோ எழுதக்கூடாது.

ஏழாம் படி: பேச்சு

பழங்காலம் என்றதும் நம் கை தானாகவே ‘அடியேன் ஈதறிந்திலேன் மன்னவா’ என்று எழுத ஆரம்பித்துவிடும். சரித்திரக் கதைகள் படித்து வளர்ந்த பழக்கம். அந்தத் தேர்ப்பாகனுக்கு அவன் பேசியது பழைய மொழி இல்லையே, இன்றைய மொழிதானே. எளிமையாகப் பேசவிடுங்கள். நவீனப் பொருளைச் சுட்டும் சொற்களை மட்டும் தவிர்த்தால் போதும். நிமிடம், விநாடி என்று எண்ணாமல் நிழலையும் மூச்சையும் வைத்து அளக்கட்டும்.

கவிதையிலேயே ஒரு முன்மாதிரி இருக்கிறது. ராம்சேஸின் தேரில் இருந்தவர் மென்னா. எதிரித் தேர்கள் சூழ்ந்ததைப் பார்த்து அவருக்கு உள்ளம் தளர்ந்துவிடுகிறது, தப்பித்துப் போகலாம் என்று மன்னரிடம் கெஞ்சுகிறார். அரசர் செதுக்கச் சொன்ன சுவரில் ஒரு சாதாரண மனிதரின் பயமும் ஏறிவிட்டது. தேரை இழுத்த இரண்டு குதிரைகளுக்கும் பெயர் உண்டு: ‘தீப்ஸில் வெற்றி’, ‘முட் மகிழ்ந்தாள்’. தீப்ஸ் எகிப்திய நகரம், முட் ஒரு பெண் தெய்வம். இனிமேல் இவற்றுக்குத் தம் முன்னிலையிலேயே தீனி வைக்கப்படும் என்று பிறகு மன்னர் சொல்கிறார். துணைநின்ற மனிதர்களைவிடக் குதிரைகளுக்கு நன்றி அதிகம் கிடைத்தது.

எட்டாம் படி: இரண்டு நாட்காட்டி

ஒரு நோட்டில் நடுவே கோடு போடுங்கள். இடப்பக்கம் உலகத்தின் தேதி, வலப்பக்கம் பயணியின் சொந்த நாள். மொழி ஆய்வாளரின் முதல் நாள் போருக்கு மூன்று நாள் முன்பு விழுகிறது. அவளது 4ஆம் நாள் போர் நாள். அவளது 6ஆம் நாள், போருக்கு முந்தைய நாள்! அதாவது அவள் ஒருமுறை திரும்பிப் போய் மறுபடி வந்திருக்கிறாள். அப்படியானால் போர் நாளில் பாளையத்தில் அவளுக்கு மூத்த ‘அவள்’ ஒருத்தியும் நடமாடியிருக்க வேண்டும். 4ஆம் நாள் காட்சியை எழுதும்போதே அதற்கான தடயம் விழ வேண்டும்: யாரோ முக்காடிட்ட பெண், அவள் கையில் இன்னும் படாத காயத்தின் தழும்பு.

மூன்றாவது பத்தி ஒன்றும் போட்டுக்கொள்ளுங்கள்: அந்த நாளில் அவளுக்கு என்னென்ன தெரியும். காலப்பயண நாவல்களில் வரும் ஓட்டைகளில் பெரும்பாலானவை இங்கேதான். நாளை தெரியவேண்டியதை இன்றே பேசிவிடுவார்கள்.

ஒன்பதாம் படி: போர்க்காட்சி

புதியவர்கள் கழுகுப் பார்வையில் எழுதுகிறார்கள். இடதுசாரி முன்னேறியது, வலதுசாரி பின்வாங்கியது. அது வரைபடம். தரையில் நிற்பவருக்குப் புழுதி தெரியும், முன்னால் ஓடுபவரின் முதுகு தெரியும், அவ்வளவுதான்.

ராமேசியம் சிற்பத்தில் ஒரு மூலையில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஹிட்டைட் தேர்ப்படை ஆற்றுக்குள் தள்ளப்பட்டபோது அலெப்போவின் இளவரசர் தண்ணீரில் விழுந்து மூழ்கப்போனார். கரையில் அவருடைய ஆட்கள் அவரைத் தலைகீழாகத் தூக்கிப்பிடித்திருக்கிறார்கள், குடித்த தண்ணீர் வெளியே வர. எதிரியைக் கேலி செய்யச் செதுக்கியதுதான். நம் மருத்துவர் அந்தக் கரையில் நின்றிருந்தால்? இப்படி எழுதிப் பார்த்தேன்:

‘காலைப் பிடித்துத் தூக்கியிருந்தவர்கள் நான்கு பேர். ஐந்தாவது ஆள் இளவரசரின் முதுகில் ஓங்கித் தட்டிக்கொண்டிருந்தான். நீளமான ஈர முடி சேற்றில் புரண்டது. இறக்குங்கள், பக்கவாட்டில் படுக்கப் போடுங்கள் என்று மருத்துவர் கத்தினார். எந்த மொழியில் கத்தினோம் என்று பிறகு அவருக்கே நினைவில்லை. ஒருவன் திரும்பிப் பார்த்தான். உடனே வாளை எடுத்தான். அதற்குள் இளவரசர் இருமினார். மூக்கிலும் வாயிலும் ஆறு கொட்டியது. வாளை எடுத்தவன் அதைக் கீழே போட்டுவிட்டு அழ ஆரம்பித்தான். அக்கரையில் பல்லாயிரம் பேர் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.’

போர் எவ்வளவு பெரியது என்பது கடைசி வாக்கியத்தில் மட்டும் வருகிறது. அந்த அளவு போதும் என்பது என் கணிப்பு.

பத்தாம் படி: எங்கே நிறுத்துவது

போர் முடிந்த மாலையில் நாவலை முடித்துவிடாதீர்கள். இந்தக் கதைக்கு ஒரு வால் இருக்கிறது. காதேஷுக்குப் போன முவாத்தல்லியின் தம்பி, ஊர் திரும்பும் வழியில் புதுஹேபா என்ற பெண்ணை மணந்தார். பிறகு அண்ணன் மகனை அரியணையிலிருந்து இறக்கி, மூன்றாம் ஹத்துசிலி என்ற பெயரில் தானே மன்னரானார். இறக்கப்பட்டவர் எகிப்துக்கு ஓடினார். கி.மு. 1259 வாக்கில் அதே ராம்சேஸும் இந்த ஹத்துசிலியும் சமாதான உடன்படிக்கை செய்துகொண்டார்கள். வெள்ளிப் பலகையில் எழுதி, புதுஹேபாவும் தன் முத்திரையைப் பதித்தார். வெள்ளிப் பலகைகள் கிடைக்கவில்லை. எகிப்தியப் பிரதி கர்னாக் சுவரில் இருக்கிறது, ஹத்துசாவில் கிடைத்த களிமண் பிரதி இஸ்தான்புல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் நகல் ஒன்று நியூயார்க்கில் ஐ.நா. தலைமையகத்தில் மாட்டப்பட்டிருக்கிறது. மூன்று பயணிகளில் ஒருவர் திரும்பி வராமல் அங்கேயே தங்கிவிட்டார் என்றால், போருக்குப் பிறகான அந்தப் பதினைந்து ஆண்டு முழுக்க அவருடையது. புதுஹேபாவின் அரண்மனையில் எழுத்தராக இருந்திருக்கலாம். காலியாகக் கிடக்கும் அந்தக் கவிஞர் நாற்காலியையும் பரிசீலியுங்கள்.

வரைவு முடிந்ததும் இரண்டு பேரிடம் கொடுங்கள். ஒருவர் வரலாறு தெரிந்தவர், அவர் பிழைகளைச் சொல்வார். இன்னொருவர் காதேஷ் என்ற பெயரையே கேட்டிராதவர். அவர் பிழை சொல்ல வேண்டாம், எந்தப் பக்கத்தில் படிப்பதை நிறுத்திவிட்டு வேறு வேலைக்குப் போனார் என்று மட்டும் குறித்துக் கொடுக்கச் சொல்லுங்கள். எனக்கு அப்படிக் குறித்துக் கொடுத்ததில் ஏழு பக்கங்கள் இருந்தன. ஆறு இடத்தில் நான் இயந்திரத்தை விளக்கிக்கொண்டிருந்தேன். ஏழாவதில் அவருக்குப் பசித்துவிட்டதாம்.